வாளையாரில் லாட்டரி வாங்கினால் ‘ராசி’யா? 500 ரூபாயின் கணக்கு சொல்வது என்ன?

2024 ஓணம் பம்பருக்கு கேரளா முழுக்க 71 லட்சத்துக்கும் மேற்பட்ட லாட்டரி சீட்டுகள் விற்றன. அவற்றில் 13 லட்சத்துக்கும் மேல் விற்றது ஒரே மாவட்டத்தில், பாலக்காட்டில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் சுமார் 8 சதவீதம் பேர்தான் அந்த மாவட்டத்தில் வசிக்கிறார்கள். சீட்டு விற்பனையில் மட்டும் அதன் பங்கு சுமார் 18 சதவீதம்.

இந்த இடைவெளிக்குக் காரணம் யார் என்று கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. கோவையிலிருந்து வாளையார், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எல்லை தாண்டினால் சட்டப்படியே வாங்கலாம். தேனிப் பக்கம் என்றால் இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு.

2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு வாளையாரில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். அதிலிருந்து ‘வாளையார் கடை ராசி’ என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மையிலேயே அப்படி ஒரு சாதகம் இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கைதேர்ந்த ஆட்டக்காரர் முதலில் எதைப் பார்ப்பார்?

உலகம் முழுக்க, கேசினோவில் கணக்கோடு விளையாடுகிறவர்கள் அதிகம் தேடிப்போகும் ஆட்டம் பிளாக்ஜாக். கையிலுள்ள கார்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட அதற்கு நெருக்கமாகப் போக வேண்டும். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், வெளியேறிய கார்டுகளைக் கவனித்து விளையாடினால் கேசினோவையே முந்தலாம் என்று 1962-ல் புத்தகம் போட்டே நிரூபித்தார்.

அப்படிப்பட்டவர்கள் மேசையில் உட்காரும் முன் விதிப் பலகையைப் படிப்பார்கள். முதல் இரண்டு கார்டிலேயே 21 வந்தால் 3:2 விகிதத்தில் தருகிறார்களா, 6:5-ஆ? 500 ரூபாய் கட்டியிருந்தால் முதல் மேசையில் 750 கிடைக்கும்; இரண்டாவதில் 600தான். அந்த ஒரு விதி மாறினாலே கேசினோவின் பங்கு 1.4 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். எத்தனை கட்டு கார்டு, எப்போது கலைக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

ராசியான மேசை எது என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: நான் கட்டும் பணத்தில் சராசரியாக எவ்வளவை ஆட்டம் நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிறார்? இதே கேள்வியை எல்லைக் கடைக்குக் கொண்டுபோவோம்.

500 ரூபாய் கட்டினால் எவ்வளவு போகும்?

ஓணம் பம்பர் சீட்டின் விலை 500 ரூபாய். எல்லாப் பரிசுகளையும் கூட்டினால் சுமார் 125 கோடி. அதை 71 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளுக்குப் பிரித்தால், ஒரு சீட்டுக்கு ஏறக்குறைய 175 ரூபாய். ஒப்பிட்டுப் பாருங்கள்:

• பிளாக்ஜாக், 3:2 மேசை, சரியான உத்தியோடு: 500 ரூபாயில் சராசரி இழப்பு சுமார் 2.50 ரூபாய்
• பிளாக்ஜாக், 6:5 மேசை, அதே உத்தியோடு: சுமார் 10 ரூபாய்
• ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட்: சுமார் 13.50 ரூபாய்
• ஓணம் பம்பர்: சுமார் 325 ரூபாய்

இதை வைத்து கேசினோ நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிளாக்ஜாக்கில் ஒரு மணி நேரத்தில் பல டஜன் முறை பணம் கட்டுவீர்கள். சின்னச் சின்ன இழப்பும் சேர்ந்துகொண்டே போகும். பம்பர் வருடத்துக்குச் சில முறைதான். ஆனால் லாட்டரியில் உங்கள் திறமைக்கு வேலையே இல்லை. ஃபேன்சி நம்பர், பிறந்த தேதி, கடைசி இலக்கம் என எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த 175 மாறாது.

சரி, அப்போ ‘ராசியான கடை’ பொய்யா?

பரிசு விழுந்தது பொய் இல்லை. அதற்கான காரணம்தான் வேறு. 71 லட்சத்தில் 13 லட்சம் சீட்டு பாலக்காட்டில் விற்றால், முதல் பரிசு அங்கே விழ ஏறத்தாழ ஐந்தரையில் ஒரு வாய்ப்பு. அதாவது, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பாலக்காடு செய்தியில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதிகம் விற்கும் இடத்தில் அதிகம் விழும்.

அந்த வாய்ப்பு மாவட்டத்துக்கு, உங்களுக்கு இல்லை. உங்கள் கையிலுள்ள சீட்டுக்கு, வாளையாரில் வாங்கினாலும் வயநாட்டில் வாங்கினாலும், வாய்ப்பு 71 லட்சத்தில் ஒன்றுதான். வருடா வருடம் பத்துச் சீட்டு வீதம் 50 ஓணத்துக்கு வாங்கினால் செலவு இரண்டரை லட்சம். அதற்குப் பிறகும் முதல் பரிசுக்கான வாய்ப்பு சுமார் 14,000-ல் ஒன்று. 2024-ல் முதல் பரிசு வயநாட்டில் விற்ற சீட்டுக்குத்தான் போனது. வாங்கியவர் கர்நாடகாவைச் சேர்ந்தவர்.

நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கினால்? தலைக்கு இழப்பு குறையும். வாங்கும் ஒவ்வொரு 500-க்கும் திரும்பும் சராசரி அதே 175தான்.

25 கோடி விழுந்தால் 25 கோடியும் கைக்கு வருமா?

வராது. 10 சதவீதம் ஏஜென்ட் கமிஷன் போனால் 22.5 கோடி. அதில் 30 சதவீத வருமான வரி போனால் 15.75 கோடி. சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் தோராயமாக 13 கோடிக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன 175 ரூபாய் இந்தப் பிடித்தங்களுக்கு முந்தைய கணக்கு.

திறமை இருக்கிறது, கோவா போகட்டுமா?

கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் கேசினோ கிடையாது. கோவாவிலும் சிக்கிமிலும் சட்டப்படி உண்டு. ஆனால் கார்டு எண்ணிக்கையில் தேர்ந்தவருக்கே கிடைக்கும் சாதகம் 1 சதவீதம் அளவில்தான். அந்த ஒரு சதவீதத்தை இந்திய வரி விழுங்கிவிடும்.

ஒரு வருடத்தில் சில நாட்களில் 10 லட்சம் ஜெயித்து, மற்ற நாட்களில் 9.5 லட்சம் தோற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 50,000. ஆனால் சூதாட்ட இழப்பை ஜெயித்த தொகையிலிருந்து கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. 10 லட்சத்துக்கு 30 சதவீதம், அதாவது 3 லட்சம் வரி. முடிவில் இரண்டரை லட்சம் நஷ்டம். வாங்கும் சிப்ஸ் மீதான ஜிஎஸ்டி இதற்கு மேல்.

ஆன்லைன் ரம்மிக்குத் தடை, லாட்டரிக்கு மட்டும் அனுமதியா?

ரம்மி திறமைக்கான ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ரம்மி, போக்கர் மீதான பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கிறது.

மாநில அரசு நடத்தும் காகித லாட்டரி 1998-ம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதுவும் சூதாட்டமே என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, எது சட்டப்படி செல்லும் என்பதை வைத்து எது நமக்குச் சாதகம் என்று தீர்மானிக்க முடியாது.

எல்லை தாண்டும் முன் கவனிக்க வேண்டியவை

• கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டுமே. ஆன்லைனில் விற்பனை கிடையாது. ‘வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், ஜிபே பண்ணுங்க’ என்றால் அது மோசடி.
• கேரளாவுக்குள் வாங்குவது சட்டப்படி சரி. அதைத் தமிழ்நாட்டில் விற்பது குற்றம்.
• வாங்கியதும் சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டாக வாங்கினால் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள்.
• சினிமா டிக்கெட் மாதிரி, திரும்பி வராத செலவு என்று நினைத்து ஒரு தொகையை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். போன முறை விட்டதைப் பிடிக்கக் கூடுதலாக ஒரு சீட்டு எடுக்கத் தோன்றினால், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.