‘பூசுவதற்கு முன்’ வேஷத்துக்கு யாரு?

விஸ்காம் வகுப்போ, பி.பி.ஏ. மார்க்கெட்டிங் பேப்பரோ, "ஒரு ஸ்பூஃப் விளம்பரம் எடுத்துட்டு வாங்க" என்று சொன்னதும் பசங்க முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கே... அசைன்மென்ட் என்றாலே ஓடுகிறவன்கூட அன்றைக்கு கேன்டீனில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பான். நல்லது. ஆனால் அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எந்த விளம்பரத்தைக் கலாய்க்கிறோம், ஏன் கலாய்க்கிறோம் என்பதெல்லாம் அப்புறம். முதல் ஐந்து நிமிடத்தில் முடிவாவது இரண்டே விஷயம். எவனுக்குப் புடவை கட்டி விடுவது? சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் ‘பூசுவதற்கு முன்’ யாரு?

இரண்டாவதற்கு மீட்டிங்கே தேவையில்லை. எல்லார் கண்ணும் ஒரே பையன் பக்கம் திரும்பும். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். வேறு என்ன செய்வான் பாவம்? முடியாது என்றால் ‘காமெடி புரியாதவன்’ என்ற பட்டம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இதுக்குப் பேரு ஸ்பூஃபா? அசல் விளம்பரம் என்ன சொல்கிறது? கறுப்பாக இருந்தால் தோல்வி, சிவப்பானால் வேலை, கல்யாணம், கைதட்டல். வகுப்பு வீடியோ என்ன சொல்கிறது? அதையேதான், கொஞ்சம் சத்தமாக. கம்பெனி காசைக் கொட்டிச் சொன்னதை இவர்கள் சல்லிக்காசு வாங்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் கம்பெனிகளே இந்தச் சரக்கை மாற்றிக்கொண்டு வருகின்றன. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் இல்லையே என்று அப்பா புலம்ப, மகள் கிரீம் பூசி ஏர் ஹோஸ்டஸ் ஆகிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதாக ஒரு விளம்பரம் ஓடியது. மாதர் சங்கத்தினர் விடாமல் போராடிய பிறகு 2003-ல் அது நின்றது. கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகவோ சோகமாகவோ காட்டக்கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பே நெறிமுறை போட்டது. 2020-ல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. (உள்ளே எவ்வளவு மாறியது என்பது வேறு கதை!) வியாபாரிகளே கூச்சப்பட்டு ஒதுக்கியதை, இருபது வயசுப் பிள்ளைகள் புத்திசாலித்தனம் என்று தூக்கிச் சுமக்கிறார்கள்.

"சும்மா ஜாலிக்குத்தானே?" வரும், இந்தக் கேள்வி கட்டாயம் வரும். யாருக்கு ஜாலி? வீடியோ ஓடுவது 40 விநாடி. அந்தப் பையனுக்கு ஒட்டுகிற பட்டப்பெயர் ஃபேர்வெல் வரைக்கும் நிற்கும். வாட்ஸ்அப்பில் போனால் அதுக்கப்புறமும்.

இன்னொரு சாக்கு: "நிஜ பிராண்டைத் தொட்டா கேஸ் போடுவாங்க." அதனால் கம்பெனியை விட்டுவிட்டு வகுப்புத் தோழனைப் பிடித்துக்கொள்வதாம்! அவன் கேஸ் போட மாட்டான் இல்லையா? 2010-ல் ஒடிசாவின் தாம்ரா துறைமுகத் திட்டத்தைக் கண்டித்து, கடலாமைகளை டாட்டா லோகோ துரத்துவது மாதிரி கிரீன்பீஸ் ஒரு வீடியோ கேம் விட்டது. டாட்டா 10 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த கேமுக்கு இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. அதற்காக எல்லா லோகோவையும் அள்ளிப் போடுங்கள் என்று இல்லை. ஒரு டப்பா பெயரைக் கற்பனையாக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2010-ல் வந்த ‘தமிழ்ப் படம்’ ஞாபகம் இருக்கா? சைக்கிள் பெடலைச் சுற்றுகிற நேரத்தில் பொடியன் ஹீரோவாக வளர்ந்து நிற்பான். தியேட்டரே சிரித்தது. அடி விழுந்தது சினிமா ஃபார்முலா மேலே, எந்த மனுஷன் தோல் மேலேயும் இல்லை.

அதே மாதிரி, எடுக்கப்போகிற விளம்பரத்தைப் பத்து தடவை ஓட விட்டுப் பாருங்கள். அதில் பைத்தியக்காரத்தனமான ஆள் யாரு? கிரீம் பூசுகிற பெண்ணா? இல்லை. சர்டிஃபிகேட்டைத் திறக்காமல் முகத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறாரே அந்த மேனேஜர்! ஒரு விளம்பரத்திலாவது அவரை யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா? கேமராவை அவர் பக்கம் திருப்புங்கள். கையில் பெயின்ட் கடை ஷேட் கார்டு. வருகிறவர்கள் கன்னத்துப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார். "டிகிரி கிடக்கட்டும்மா, உங்க ஷேட் நம்பர் என்ன?" முகத்தில் துளி சிரிப்பு இருக்கக்கூடாது, நடிக்கிறவர் சிரித்தால் பார்க்கிறவர் சிரிக்க மாட்டார். ‘நாலு வாரம் கழித்து’ என்று எழுத்து வரட்டும். அதே பெண், அதே முகம், அதே சுடிதார். மாறினது ஒன்றே ஒன்று, யாரோ டியூப்லைட்டைப் போட்டிருக்கிறார்கள். "ஆஹா, என்ன மாற்றம்!" என்று மேனேஜர் எழுந்தே நின்றுவிடுகிறார். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் முன்பெல்லாம் மூச்சு விடாமல் ஒருவர் ஒப்பிப்பாரே, அந்த வேகத்தில் ஒரு குரல்: "டியூப்லைட் தனியாக விற்கப்படும், பலன்கள் மின்வெட்டுக்கு உட்பட்டவை."

செலவு? ஷேட் கார்டு பெயின்ட் கடையில் சும்மாவே கேட்டு வாங்கலாம், டியூப்லைட் வகுப்பிலேயே இருக்கு. கடைசி ஷாட்டில் அந்தப் பெண் கார்டைப் பிடுங்கி மேனேஜர் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சாரி சார், நீங்க செலக்ட் ஆகலை" என்று சொல்லிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டுப் போகட்டும்.