பூச்சி இருக்கா... இல்லையா?

ஒரே ஒரு ரூம். நாலஞ்சு கேரக்டர். பேய் கிடையாது, சீரியல் கில்லர் கிடையாது, கார் சேஸ் சுத்தமா கிடையாது. ஆனாலும் படம் முடிஞ்சதும் உங்க கையை நீங்களே சொறிஞ்சு பார்ப்பீங்க. கியாரண்டி! இந்த வாரம் நாம பார்க்கப் போற படம் 'பக்'. கம்ப்யூட்டர் பக் இல்லை பாஸ், நிஜப் பூச்சி!

டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கின். பேரைக் கேட்டா தெரியலையா? 1973-ல் 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்து உலகத்தையே அலற விட்டவர். 2023-ல் காலமானார். அவ்வளவு பெரிய ஆள், 70 வயதை ஒட்டி, சுமார் 40 லட்சம் டாலரில் எடுத்த படம் இது. ஹாலிவுட் கணக்கில் அது டீச் செலவு! டிரேசி லெட்ஸ் எழுதி, 1996-ல் லண்டனில் அரங்கேறிய நாடகம்தான் கதை. அந்த நாடகத்தில் நடித்த மைக்கேல் ஷனான்தான் படத்திலும் ஹீரோ. 2006 கான் விழாவில் விமர்சகர்கள் பரிசு கொடுத்தார்கள். 2007-ல் தியேட்டருக்கு வந்தபோது, பேய்ப்படம் என்று நம்பிப் போன அமெரிக்க ஜனங்கள் ரசிகர் கருத்துக்கணிப்பில் 'எஃப்' கிரேடு போட்டுவிட்டார்கள். அதாவது அரியர்!

சரி, கதைக்கு வருவோம். ஓக்லஹோமாவில் ஒரு டப்பா மோட்டல். அங்கே தங்கியிருக்கிறாள் ஆக்னஸ். பாரில் வெயிட்ரஸ். பல வருடங்களுக்கு முன்னால் சூப்பர் மார்க்கெட்டில் அவள் கொஞ்சம் கவனம் தவறிய நேரத்தில் சின்னப் பையன் காணாமல் போகிறான். கிடைக்கவே இல்லை. செத்துட்டானா, எங்கேயாவது வளர்கிறானா? தெரியாது. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. போதாக்குறைக்கு, அடித்து நொறுக்கிய பழைய கணவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

அந்த நேரத்தில் வருகிறான் பீட்டர். அமைதியானவன், மரியாதையானவன், அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவன். ஒரு நாள் ராத்திரி படுக்கையில் ஒரு பூச்சியைப் பார்க்கிறான். முதலில் ஆக்னஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிகிறது! ராணுவ டாக்டர்கள் தன் உடம்பில் என்னமோ பண்ணிவிட்டார்கள் என்கிறான் அவன். ஒரே தோழி வந்து 'பூச்சியெல்லாம் இல்லைடி' என்றால், தோழி அவுட்! கொஞ்ச நாளில் ரூம் முழுக்க அலுமினியத் தாள். க்ளைமாக்ஸைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் வரும் ஒரு சீனைக் கவனியுங்கள். பையன் தொலைந்தது, கணவன், பூச்சி, ராணுவம் எல்லாவற்றையும் ஆக்னஸே ஒரே கயிற்றில் கோர்ப்பாள். அப்போது அவள் முகத்தில் பயத்தை விட நிம்மதிதான் அதிகம். ஆஷ்லி ஜட் சும்மா பின்னியிருப்பார்!

ஏன் நிம்மதி? 'என் பையன் சும்மா தொலைஞ்சு போனான்' என்பதைத் தாங்கவே முடியாது. 'ஒரு கூட்டம் திட்டம் போட்டுக் கடத்தியது' என்றால் கோபப்படலாம், சண்டை போடலாம். முக்கியமாக, தன் மேல் தப்பில்லை!

இது சினிமா ரீல் மட்டும் இல்லை. 2008-ல் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வுக்கு ஆளானவர்கள், வெறும் புள்ளிகள் மட்டுமே இருந்த படத்திலும் உருவங்களைக் கண்டார்கள். சதி இருப்பதாகவும் அதிகம் நம்பினார்கள். ஒருத்தரின் பிரமை பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றுவதை 1877-லேயே லாசேக், ஃபால்ரே என்ற பிரெஞ்சு டாக்டர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கு ரொம்ப வசதியான இடம், வெளியாள் யாரும் நுழையாத ஒரு ரூம்!

'அப்போ சதின்னு ஒண்ணே கிடையாதா?'ன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு மக்களே! அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே வேடிக்கை பார்த்தது. ஆனால் அது வெளியே வந்தது எப்படி? உள்ளே இருந்தவர் பேசினார், பத்திரிகை எழுதியது, ஆவணங்கள் கிடைத்தன. யாரும் சரிபார்க்க முடிந்தது. பீட்டரின் ரூமில் கதையே வேறு. பூச்சி கிடைத்தால் ஆதாரம். கிடைக்காவிட்டால், 'மறைக்கிறாங்க பார்த்தியா' என்று அதுவும் ஆதாரம்! எது நடந்தாலும் ஜெயிக்கிற தியரி வந்தால் உஷாராகிடுங்க.

கடைசியா ஒரு சீரியஸ் மேட்டர். உங்க ஹாஸ்டலிலும் ஒரு ஆக்னஸ் இருக்கலாம். அப்பாவையோ அண்ணனையோ திடீரென இழந்துவிட்டு வந்திருப்பான். 'ஆஸ்பத்திரியில் வேணும்னே கொன்னுட்டாங்க மச்சி' என்று ராத்திரி இரண்டு மணிக்கு வீடியோ அனுப்புவான். க்ரூப்பே கலாய்க்கும், ஒருத்தன் ப்ளாக் பண்ணுவான். அப்புறம் அவனை நம்புகிற ஒரு பீட்டர் மட்டும்தான் மிஞ்சுவான்! அவன் சொல்வதில் உண்மையும் இருக்கலாம். அப்படியென்றால் கேஸ் ஷீட் வாங்கித் தெரிந்த டாக்டரிடம் காட்டக் கூடவே போங்க. இல்லையென்றாலும் வாதம் பண்ணி ஜெயிக்காதீங்க. அவங்க அப்பா எப்படிப்பட்டவர்னு கேளுங்க. சாப்பிடக் கூப்பிடுங்க. தூக்கம் போய், யாரையும் நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டால் வார்டனிடமோ வீட்டிலோ சொல்லுங்க. 14416-க்கு போன் போடுங்க. அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம்.

ஆக்னஸுக்கு இருந்தது ஒரே தோழி. அவளும் வெளியே போன பிறகுதான் ரூம் முழுக்கப் பூச்சி. நீங்க கதவுக்கு வெளியிலேயாவது நில்லுங்க பாஸ்!

படத்தைத் தனியா மட்டும் பார்க்காதீங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!