5 கிலோ அரிசிக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை



போன வாரம் அரிசி வரியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு ஒரு பழைய மாணவன், "வெறும் 5 சதவீதம்தானே டீச்சர், இதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கேட்டிருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன். அதனால்தான் வருத்தம் அதிகம். உட்கார் தம்பி, மறுபடியும் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். வளர்ந்த பையன்கள் மூன்று பேர். ரேஷன் அரிசி 20ஆம் தேதிக்கு மேல் தாங்காது. பிறகு மாதம் மூன்று தடவை 5 கிலோ பாக்கெட் வாங்குகிறார். கிலோ 60 ரூபாய் என்று வையுங்கள். பாக்கெட் 300, அதன் மேல் ஜிஎஸ்டி 15. மாதம் 45, வருடம் 540 ரூபாய். உருப்படிக்கு 10 ரூபாய் கூலியில் 54 உருப்படி தேய்த்தால்தான் அந்த வரி கட்டி முடியும்.

ஓய்வூதியம் வாங்கும் நான் எவ்வளவு கட்டுகிறேன்? பூஜ்யம். நான் வாங்குவது 26 கிலோ மூட்டை.

அதென்ன 26 என்று யோசித்திருக்கிறீர்களா? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு பெற்ற பிராண்டு அரிசிக்கு மட்டும்தான் 5 சதவீதம். பல ஆலைக்காரர்கள் பிராண்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தப்பித்தார்கள். அந்த ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி, 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் வரி போட்டார்கள். ஆனால் 25 கிலோவுக்கு மேல் போனால் வரி கிடையாது. உடனே நம் ஊர் ஆலைகள் 25 கிலோ மூட்டையை 26 கிலோ ஆக்கிவிட்டன. ஒரு கிலோ கூடுதல், வரி காலி! மொத்தமாக 1,500 ரூபாய் எடுத்து வைக்க முடிந்தவருக்கு விலக்கு, முடியாதவருக்கு வரி. இப்படி ஒரு கணக்கை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

சில்லறையாக அளந்து வாங்கினால் வரி இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் எடையும் தேதியும் பார்த்து வாங்குங்கள் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? அந்த லேபிளுக்கே வரி போட்டால் என்ன அர்த்தம்?

அரசுக்குப் பணம் வேண்டாமா என்று என் தம்பி மகன் கேட்டான். வேண்டும். என் ஓய்வூதியமும் வரிப்பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய மூட்டைக்கு வரியை விட்டுவிட்டு நடத்த முடிகிற அரசால், சின்னப் பாக்கெட்டுக்கு மட்டும் ஏன் விட முடியாது? இன்னொரு மாணவன், ஆடிட்டர், நியாயமாக ஒன்று சொன்னான். வரியை எடுத்தால், பை வாங்கும்போது ஆலைக்காரர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அதனால் விலை முழு 5 சதவீதமும் இறங்காது என்று. இருக்கட்டும். மூன்று ரூபாய்க்குப் பதில் இரண்டு இறங்கினாலும் அந்த அம்மாவுக்கு லாபம்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பன்னீருக்கு வரி எடுத்தார்கள். பரோட்டாவுக்கு எடுத்தார்கள். பீட்சா ரொட்டிக்குக்கூட எடுத்தார்கள். நல்லது, சாப்பிடட்டும். புழுங்கலரிசி என்ன பாவம் செய்தது?

மத்திய அரசைத் திட்டிவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். அந்த 15 ரூபாயில் ஏழரை மாநிலத்துக்கு. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு தேவை. பின்னத்தைக் கூட்டிப் பாருங்கள்: யாராலும் தனியாக முடியாது, அதனால் எல்லோருக்கும் கை காட்ட ஓர் ஆள் இருக்கிறது. நம் மாநிலம் தனியாக ரத்து செய்ய முடியாதுதான். ஆனால் 25 கிலோ வரம்பை எடுங்கள், எந்த எடையானாலும் அரிசிக்கு வரி வேண்டாம் என்று கேட்கலாமே. நிதியமைச்சருக்கு நான் கடிதம் எழுதிவிட்டேன். வணிக வரித்துறையில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பதிவில் தவறு இருந்தால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மாதம் ஒரு மூட்டையை நானே வாங்கி, இஸ்திரி அம்மாவோடும் பக்கத்து வீட்டோடும் பிரித்துக்கொண்டேன். அவர் தன் பங்கை வாரம் 100 ரூபாயாகத் தருகிறார். பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.