பி.டி. பீரியடை யாருக்கும் கடன் கொடுக்காதீங்க!

ஊர் பேரு எப்போதும்வென்றான். அதுக்கேத்த மாதிரி பத்தாங்கிளாஸ் பிள்ளைகளும் எப்போதும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. நூறு சதவீத தேர்ச்சி! தப்பில்ல. ஆனா அதுக்கு முதல் பலி எது? பி.டி. பீரியடு. "போர்ஷன் முடியல"ன்னு கணக்கு வாத்தியார் உள்ள வருவார். பந்து பீரோவுக்குள்ள தூங்கும். எங்க ஊருன்னு இல்ல, அரசுப் பள்ளிகள் பலதுலயும் இதே கதைதான்.

இத்தனைக்கும் நம்ம மாவட்டத்துக் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர்போன ஊரு. அங்க பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோட வந்தாங்க.

எல்லாரும் ஹாக்கி வீரராகணும்னு சொல்ல வரல. பையன்களாவது சாயங்காலம் காஞ்ச கம்மாய்க்குள்ள ஸ்டம்பு நட்டு ஆடிருவானுவ. பொம்பளப் பிள்ளைகளுக்கு? வீட்டுக்குப் போனா குடம், அடுப்பு, தம்பி தங்கச்சி. அதுக ஓடியாட வாரத்துல கிடைக்கிறதே அந்த ஒண்ணு ரெண்டு பீரியடுதான். அதையும் புடுங்கினா எப்படிங்க?

2009 கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கு மைதானம் கட்டாயம்னு சொல்லுது. ஒன்பதாங்கிளாஸ் போனதும் பிள்ளைகளுக்கு வயசாயிருச்சா என்ன? :-)

மார்க்கு வேணாம்னு யாரு சொன்னா? வாத்தியார்களையும் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல, ரிசல்ட் குறைஞ்சா மேல இருந்து கேள்வி அவங்களுக்குத்தான் வரும். ஆனா பெத்தவங்க நாம பள்ளிக்கூடத்துக்குப் போனா "எத்தனை மார்க்கு?"ன்னு மட்டும் கேக்குறோம். "இந்த வாரம் விளையாட விட்டீங்களா சார்?"னும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பந்து பீரோவை விட்டு வெளிய வரும்.