சரீர சுகம்: குழாய்க்குள் உயரும் தைராய்டு



சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்கிற நம்மில் பலருக்கு, சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கும் பெற்றோரின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் இப்பொழுது கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. அப்படி வந்து, வீட்டாரை வீணாகக் கலங்கப்பண்ணும் ஒரு முடிவைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற ஒரு தாயார் என்று வைத்துக்கொள்வோம். காலில் இரத்தம் உறையாதபடிக்கு, இனாக்சாபரின் என்னும் ஊசியை வயிற்றுத் தோலின் கீழ் போட்டுவருகிறார்கள். களைப்பாயிருக்கிறது என்று அவர் சொன்னதினால் தைராய்டு பரிசோதனையும் செய்யப்படுகிறது. ஃப்ரீ டி4 மிக அதிகம் என்றும், டி.எஸ்.ஹெச். சரியான அளவென்றும் முடிவு வருகிறது. தைராய்டு மிகுதி என்றெண்ணிக் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கிவிட்டால், இல்லாத வியாதிக்கு மருந்து உட்கொண்டதாகும். அபூர்வமாயினும், அம்மாத்திரை வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடியது.

நடந்தது என்ன? இரத்தத்திலுள்ள தைராக்சின் மூலக்கூறுகள் 10,000 என்றால், அவற்றில் இரண்டோ மூன்றோதான் தனித்திருக்கும். மற்றவையெல்லாம் புரதங்களைப் பற்றிக்கொண்டிருக்கும். ஃப்ரீ டி4 என்பது அந்த இரண்டு மூன்றின் அளவே. இன்னும் இரண்டு மூன்று விடுபட்டாலும் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஹெப்பாரினும் (1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று) அதன் இனமாகிய இனாக்சாபரினும், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள லிப்பேஸ் என்ற நொதியை விடுவிக்கின்றன. அது டிரைகிளிசரைடு கொழுப்பை உடைத்து அமிலங்களாக்குகிறது. அவ்வமிலங்கள் தைராக்சினைப் புரதத்தினின்று தள்ளிவிடுகின்றன. இரத்தம் எடுத்த பின்பும் நொதி ஓய்வதில்லை. குழாய்க்குள்ளும் தன் வேலையைத் தொடருகிறது. இவ்வாறு, சரீரத்தில் இல்லாத உயர்வு குழாயில் உண்டாகிறது.

நம் ஊர்ப்பக்கம் இது கூடுதலாய்க் கவனிக்கத்தக்கது. சிறு ஊர்களில் காலையில் எடுக்கப்படும் இரத்தம், பெருநகரத்து ஆய்வகத்துக்குப் பயணப்பட்டுச் சேருவதற்குள் பல மணி நேரம் சென்றுவிடுகிறது. நேரம் செல்லச்செல்ல, அதிலும் சூட்டில், பொய்யான உயர்வு பெருகும். டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் மோசம். சர்க்கரை வியாதியஸ்தர் பலர் இவ்வகையினரே. நரம்பில் ஏற்றிய ஊசிக் குழாயைக் கழுவ விடும் சிறிதளவு ஹெப்பாரினும் போதும்.

ஆகையால் இரத்தம் எடுக்க வருகிறவரிடம், "தம்பி, எனக்கு இரத்தம் உறையாத ஊசி போடுகிறார்கள், கடைசியாய் இத்தனை மணிக்குப் போட்டார்கள், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவேண்டும். இனாக்சாபரின் போட்டு 10 மணி நேரமாவது சென்றபின் எடுப்பது நலம். அடுத்த ஊசிக்குச் சற்று முன்னான வேளையே ஏற்றது. பரிசோதனைக்காக ஊசியை நீங்களாகவே நிறுத்திவிடாதிருங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. இந்தத் தவறு டி.எஸ்.ஹெச். அளவைத் தொடுவதில்லை. எனினும் கடும் வியாதியும் ஸ்டீராய்டு மருந்தும் அதை வேறுவிதமாய்க் குறைக்கும் என்பதால், அவசரமில்லாவிட்டால் சுகமான பின்பு பரிசோதிக்கலாமென்று மருத்துவர் சொல்லுவதுண்டு.

வார்ஃபாரின், அசிட்ரோம் மாத்திரைகள் இப்படிக் குழாயில் கோளாறு செய்வதில்லை. அவற்றின் காரியம் வேறு. இருதய வால்வு மாற்றி அசிட்ரோம் உட்கொள்ளுகிறவருக்குத் தைராக்சின் தொடங்கினால், மாத்திரையின் வேகம் கூடி இரத்தக்கசிவு உண்டாகலாம். அப்பொழுது ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்து அளவைத் திருத்தவேண்டியதாகும்.

வேலூர் சி.எம்.சி.க்கோ திருப்பதி ஸ்விம்ஸுக்கோ தாயாரை அழைத்துச் செல்லும்போது, பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பையில் வையுங்கள். ஊசியின் பெயரும் நேரமும் அதில்தான் இருக்கும்.