எலியட்ஸ் பீச்சும் ஒரு கிட்டியும்

இடைக்காலச் சித்திரவதை என்றாலே வாட்ஸ்அப்பில் ஆணி அடித்த 'இரும்புக் கன்னி' பெட்டி படம்தான் வருகிறது. அந்தப் பெட்டியே பிற்காலத்தில் ஜோடித்தது என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நிஜமாகவே பயன்பட்ட கருவிகள் நம் சென்னை மாகாணத்தில் இருந்தன. அதுவும் இடைக்காலத்தில் இல்லை. ராயபுரத்துக்கு ரயில் வரப்போகிற 1850-களில்!

ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள். நடுவே விரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி நெருக்குவார்கள். ஐரோப்பாவில் இதையே இரும்பில், திருகு வைத்துச் செய்தார்கள். இன்னொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, தலையையும் காலையும் கயிற்றாலோ அவர் துணியாலேயோ பிணைத்து, முதுகில் கல்லை ஏற்றுவது. குச்சி, கயிறு, கல்... கொல்லன் பட்டறைக்கு வேலையே இல்லை. மியூசியத்தில் வைக்கவும் எதுவும் மிஞ்சவில்லை.

திருட்டை ஒப்புக்கொள்ள வைக்க மட்டுமல்ல, நிலவரி பாக்கி வைத்த விவசாயியிடம் வசூலிக்கவும் இதுதான் வழி. தாசில்தார் கையிலேயே வரியும் இருந்தது, போலீஸும் இருந்தது. அடித்தவரிடமே போய்ப் புகார் கொடுக்க முடியுமா?

சென்னை வணிகர் காஜுல லட்சுமிநரசு செட்டி விடவில்லை. 'கிரசன்ட்' பத்திரிகை நடத்தியவர். 1853-ல் இங்கே வந்த பிரிட்டிஷ் எம்.பி. டான்பி சீமோரை வெளியூர்களுக்கு அழைத்துப் போய் நிலைமையைக் காட்டினார். அடுத்த வருடம் லண்டன் பார்லிமென்ட்டில் விஷயம் வெடித்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். மூன்று உறுப்பினர்களில் ஒருவர், சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட் எட்வர்ட் எலியட். ஆமாம், பெசன்ட் நகரில் நாம் சுண்டல் சாப்பிடுகிற பீச்சுக்குப் பெயர் கொடுத்த அதே எலியட்தான்.

வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரிலேயே வந்தார்கள். பஸ், ரயில் இல்லாத காலம். ஊருக்குத் திரும்பினால் அதே தாசில்தார் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்படியும் வந்தார்களே!

1855-ல் வந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மைதான் என்றது. ஆனால் குற்றமெல்லாம் கீழ்மட்ட இந்திய ஊழியர்கள்மேல்; வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்கில்லையாம். வசூலைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், அது வந்த வழியை மட்டும் கேட்கவில்லை போலும்.

1859-ல் தனிச் சட்டம் வந்தது. தாசில்தாரிடமிருந்து போலீஸ் பிரிந்தது அப்போதுதான்.