ஆளை மாற்றினால் அலுவலகம் மாறுமா?

1949 செப்டம்பர் 15 அன்று மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. தேவைப்பட்டவை 202 வாக்குகள். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கொன்ராட் அடினாவருக்குக் கிடைத்தவையும் சரியாக 202. அவற்றில் ஒன்று அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்டது.

'அப்படி நடந்திருந்தால்' என்று வரலாற்றைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. எதிர்வரிசையில் இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் குர்ட் ஷூமாக்கர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஹிட்லர் ஆட்சியில் பத்தாண்டுகளுக்கு நெருக்கமாக வதைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர். அந்த ஒரு வாக்கு விழாமல் போயிருந்தால், முகாமிலிருந்து மீண்டவரே நாட்டை ஆண்டிருப்பாரா? முற்போக்குத் தோழர்கள் பலருக்கு இது பிடித்த கற்பனை. எனக்கும் பிடிக்கும். ஆனால் கற்பனையையும் கணக்கோடு செய்ய வேண்டும் என்பது ஆய்வு எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

முதலில் எண்ணிக்கை. ஷூமாக்கரின் கட்சிக்கு இருந்தவை 131 இடங்கள். அடினாவரின் அணிக்கு 139. முதல் சுற்றில் அவர் தோற்றிருந்தாலும், பதினான்கு நாள்களுக்குள் மறுபடி வாக்கெடுப்பு நடத்த அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. அதிலும் யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக வாக்கு பெற்றவரையே சான்சலராக நியமிக்க வழி இருந்தது. ஆக, அந்த ஒரு வாக்கு ஷூமாக்கரை நாற்காலியில் உட்கார வைத்திருக்காது.

இரண்டாவது, சட்டம். நாஜி ஆட்சியில் வேலை பார்த்து, போருக்குப் பிறகு பதவி இழந்த அரசு ஊழியர்களில் மிகப் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள 1951இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு சமூக ஜனநாயகக் கட்சியும் ஆதரவாகவே வாக்களித்தது. அதே ஆண்டு ஷூமாக்கர், ஹிட்லரின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ் பிரிவின் முன்னாள் வீரர்கள் அமைத்த சங்கத்தின் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர்கள் பின்னால் லட்சக்கணக்கான ஓட்டு இருந்தது. ஷூமாக்கரின் தியாகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. தியாகம் மட்டும் நிர்வாகத்தை மாற்றிவிடாது என்பதே என் வாதம்.

அப்படியானால் தலைவர் யாரென்பது ஒரு பொருட்டே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் ஹான்ஸ் குளோப்கே. 1953 முதல் 1963 வரை அடினாவரின் அலுவலகத்தையே நடத்தியவர் அவர். ஷூமாக்கர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பார் என்று நம்ப முடியவில்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும்வரை அழுக்குத் தண்ணீரைக் கொட்டக்கூடாது என்று அடினாவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த அழுக்குத் தண்ணீரை யார் குடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் நம் கேள்வி.

ரோமா, சின்ட்டி மக்கள் குடித்தார்கள். 1940 மே மாதம் அவர்களில் சுமார் 2,500 பேர் ஜெர்மனியிலிருந்து ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துக்கு விரட்டப்பட்டார்கள். பிழைத்துத் திரும்பியவர்கள் இழப்பீடு கேட்டபோது, 1956இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் மறுத்தது. அது இன ஒடுக்குமுறை அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்றது. குற்றம் செய்யும் இயல்பு அந்த மக்களுக்கே உண்டு என்றும் தீர்ப்பில் எழுதியது. 1963இல் நீதிமன்றம் இந்த நிலைப்பாட்டை ஓரளவு மாற்றிக்கொண்டது. அதற்குள் முதியவர்கள் பலர் ஒரு மார்க்கூடப் பெறாமல் செத்துப்போனார்கள். இந்தத் தீர்ப்பை எழுதியது எந்தச் சான்சலரும் இல்லை. நீதிபதிகள் எழுதினார்கள்.

நீதித்துறை அமைச்சகமும் வேறு மாதிரி இருக்கவில்லை. 1949 முதல் 1973 வரை அங்கே உயர்பொறுப்பில் இருந்த 170 சட்ட அதிகாரிகளில் 90 பேர் முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொன்றையும் பாருங்கள். நாம் கற்பனை செய்யும் மாற்று வரலாறு இருபது ஆண்டு தாமதமாக உண்மையிலேயே நடந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேயில் தஞ்சம் புகுந்த வில்லி பிராண்ட் 1969இல் சான்சலர் ஆனார். 1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில், யூதர்களின் எழுச்சி நினைவிடத்தின் முன் மண்டியிட்டார். அது பெரிய செயல். ஆனால் அதே பிராண்டின் ஆட்சியில்தான், 1972 ஜனவரியில், தீவிரவாதிகளை அரசு வேலையில் சேர்க்கக்கூடாது என்ற ஆணை வந்தது. ஆசிரியர்கள், அஞ்சல் ஊழியர்கள், ரயில் ஓட்டுநர்கள் என்று அதில் மாட்டியவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள். நாஜி அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்த அதே நிர்வாகம், கம்யூனிஸ்ட் ஆசிரியரிடம் விசுவாசச் சான்று கேட்டது. பிராண்டே பின்னாளில் அதைத் தவறு என்றார்.

பிறகு மாற்றம் எங்கிருந்து வந்தது? ஹெஸ்ஸே மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஃப்ரிட்ஸ் பவர் என்ற யூதர், தன் சொந்தத் துறையையே நம்ப முடியாத நிலையில், 1963இல் ஆஷ்விட்ஸ் வழக்கை ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 1980 ஈஸ்டர் நாள்களில் சின்ட்டி மக்கள் சிலர் டாஹாவ் முகாம் நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தங்கள் மக்களைப் பற்றி நாஜிகள் சேர்த்த கோப்புகள் காவல்துறையில் என்ன ஆயின என்று கேட்டார்கள். அதன் பிறகே, 1982 மார்ச் 17 அன்று, சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் அவர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டார்.

அதனால் தோழர்களே, 'அவர் தலைவராக வந்திருந்தால்' என்று பேசும்போது கூடவே நான்கு கேள்விகள் கேளுங்கள். கோப்பு யார் கையில்? மனுவைப் படிப்பது யார்? தீர்ப்பை எழுதுவது யார்? பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டிருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் மாறாத எந்த மாற்று வரலாற்றிலும் நாற்காலியில் ஆள் மட்டுமே மாறியிருப்பார்.